ஸ்பாஞ்சின் தடிமனை மட்டும் மாற்றி ஆடியபோது

டேபிள் டென்னிஸ் மட்டையின் எந்தப் பகுதி ஆட்டத்தில் எதை மாற்றுகிறது என்று அறிய, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஆடிப் பார்த்து வருகிறேன். மட்டையின் ஐந்தடுக்கு மரப் பலகையான பிளேடையும் பேக்ஹேண்ட் பக்க ரப்பரையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஃபோர்ஹேண்ட் பக்கம் யசாக்கா மார்க் வி ரப்பரை முதலில் 1.5 மி.மீ. ஸ்பாஞ்சுடனும் (பந்து படும் மேல்தாளுக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள பஞ்சு போன்ற அடுக்கு) பிறகு 2.0 மி.மீ. ஸ்பாஞ்சுடனும் ஒட்டினேன். ஸ்பாஞ்ச், மேல்தாள், பசை எல்லாம் சேர்ந்து 4.0 மி.மீ.க்கு மிகக்கூடாது என்பது விதி. அந்தச் சிறிய இடத்துக்குள் அரை மில்லிமீட்டர் பெரிய மாற்றம்தான்.

ஸ்மாஷ் அடிக்கும்போது வேறுபாடு நான் எண்ணிய அளவுக்கு இல்லை. ஓங்கி அடித்தால் மெல்லிய ஸ்பாஞ்ச் முழுவதும் நசுங்கிப் பந்து மரத்தின் வேகத்தையே பெற்றுக்கொள்கிறது. பந்தை மேல்நோக்கி உரசிச் சுழற்றி அடிக்கும் லூப்பில் வேறுபாடு தெரிந்தது: 2.0 மி.மீ. ஸ்பாஞ்சில் பந்து ஆழமாகப் புதைந்து, சற்று நேரம் நின்று, உயர்ந்த வளைவில் வலையைக் கடந்தது. ஆனால் மிகப் பெரிய வேறுபாடு தென்பட்டது எதிராளியின் சர்வீஸை எடுக்கும் இடத்தில். வலைக்கு அருகே குட்டையாகத் தொட்டு வைக்க முயன்ற பந்து தடித்த ஸ்பாஞ்சில் துள்ளி மேசையின் நடுப்பகுதி வரை சென்றது; அவர் பந்தில் வைத்த சுழற்சிக்கும் அந்த ஸ்பாஞ்ச் கூடுதலாக வசப்பட்டது. தாக்குதலுக்காகவே தடித்த ஸ்பாஞ்சை வாங்குபவர்கள், அதற்கான விலையைத் தங்கள் மென்மையான ஆட்டத்தில் கொடுக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்து, பேக்ஹேண்ட் பக்கம் ஸ்பாஞ்ச் இல்லாத நீண்ட பிம்பிள் (வெளிப்புறம் நீட்டி நிற்கும் சிறு முளைகள்) ரப்பரை ஒட்டினேன். வழக்கமான ரப்பர் பந்தைப் பற்றிப் பிடித்துச் சுழற்சியைத் திருப்பிவிடும். நீண்ட பிம்பிள்களோ வளைந்து கொடுப்பதால் பந்து வந்த சுழற்சியைப் பெரிதும் இழக்காமலே திரும்புகிறது. சுழலும் திசை மாறாமல் பயணத் திசை மட்டும் மாறுவதால், எதிராளி அடித்த டாப் ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) அவரிடம் பேக் ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழற்சி) போய்ச் சேர்கிறது. வெறுமனே மட்டையைக் காட்டிப் பிளாக் செய்தாலே இது நிகழ்வதைக் கண்டபோது, நீண்ட பிம்பிள் ரப்பர் வைத்து ஆடும் இந்திய வீராங்கனை மணிகா பத்ராவின் பேக்ஹேண்ட் ஏன் பலரைத் திணறடிக்கிறது என்பது கையால் உணர்ந்த அறிவாயிற்று. அவர் ஆட்டத்தின் நடுவே மட்டையை விரல்களால் சுழற்றிப் பக்கத்தை மாற்றுவார். இருபுறமும் வேறு வேறு நிறம் இருக்க வேண்டும் என்ற விதி எதிராளிக்கு எவ்வளவு பெரிய துணை என்பதும் அப்போதுதான் தெளிவாகும். ஆனால் சுழற்சியே இல்லாமல் வரும் பந்தை இந்த ரப்பரால் தாக்குவது கடினம். அந்த இடத்தில் என் பேக்ஹேண்ட் வலுவிழந்தது.

கார்பன் பிளேடு ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் சிறிது ஆடினேன்; வேகத்தைத் தவிர வேறெதையும் இப்போதைக்கு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

இப்போது ஃபோர்ஹேண்டில் 1.8 மி.மீ. ஒட்டியிருக்கிறேன். இனிப் பார்க்க வேண்டியது ஸ்பாஞ்சின் கடினத்தன்மை. சீன நிறுவனங்களும் ஜெர்மன் நிறுவனங்களும் வேறு வேறு அளவுகோல்களில் எண் இடுவதால், இரு நிறுவன ரப்பர்களை எண்ணை வைத்து ஒப்பிட முடியாது. ஆகவே சீன ரப்பரான ஹரிக்கேன் 3-ஐயே 39, 41 என்ற இரு கடினத்தன்மைகளில் வாங்கி, இதே பிளேடில் ஒட்டி ஆடப்போகிறேன்.