டேங்க்ல பூரான் வளக்கிறியான்னு அம்மா கேட்டாங்க

போன மாசம் ஒரு நாள் ராத்திரி 11 மணி இருக்கும், அம்மா தண்ணி குடிக்க ஹாலுக்கு வந்தவங்க "டேய், இங்க வாடா"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டியே எந்திரிச்சிருப்பாங்க. ஓடிப் போய் பாத்தா என் மீன் டேங்க் முன்னாடி நிக்கிறாங்க, கல்லுக்கு அடியில இருந்து ஒரு விரல் நீளத்துக்கு பழுப்பா, ரெண்டு பக்கமும் முடி முடியா என்னவோ நெளியுது. "வீட்டுக்குள்ள பூரான் வளக்கிறியா?"

பூரான் இல்லம்மா, பிரிஸில் வோர்ம், உடம்பெல்லாம் முள்ளு முள்ளா இருக்கிற கடல் புழு. மீன் தின்னாம விட்ட சாப்பாடு, செத்தது கித்தது எல்லாத்தையும் அதான் துப்புரவு பண்ணுதுன்னு சொன்னா நம்பவா போறாங்க. மறுநாள் நானே கிளவுஸ் போடாம கல்லைத் தூக்கி விரல் பூரா வெள்ளை முள்ளு ஏறி அரிப்புல துடிச்சு, செலோ டேப் ஒட்டி ஒட்டி எடுத்தேன், அதுக்கப்புறம் என் பேச்சுக்கு வீட்டுல மரியாதையே இல்ல.

சிங்கப்பூர் ஈசூன்ல நாலறை வீடு, ஹால்ல 2 அடி டேங்க், உப்புத் தண்ணி. தண்ணியைக் குளுமையாக்குற சில்லர் ஓடி 26 டிகிரில நிக்கும், கரண்ட் பில் பத்தி தயவுசெஞ்சு கேக்காதீங்க. உள்ள இருக்கிற லைவ் ராக், அதாவது உசுருங்க குடியிருக்கிற கடல் பாறை, ஒருத்தர் டேங்கை மூடுறப்ப குடுத்தது. சும்மா பாறை மாதிரிதான் இருக்கும், ஆனா ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு குடித்தனம். நாம காசு குடுத்து வாங்குனது 2 மீன், 3 பவளம், மிச்சதெல்லாம் சொல்லாம கொள்ளாம வந்து சேந்தது. எது என்னன்னு கண்டுபிடிக்கிறதுதான் இப்ப எனக்கும் 8 வயசு மகளுக்கும் வேலை.

அம்மா சொன்ன தீர்வு ரொம்ப சிம்பிள், "கல்லை எடுத்து கொதிக்கிற தண்ணியில போட்டு அவிச்சிடு, எல்லாம் செத்துரும்". இதை மட்டும் யாரும் செஞ்சிராதீங்க. என் கல்லுல பட்டன் மாதிரி ஜோவாந்திட் பவளம் ஒட்டியிருக்கு, அந்த வகையில சிலதுல பேலிடாக்ஸின்னு ஒரு விஷம் இருக்கு, கல்லைக் கொதிக்க வச்சு அந்த ஆவியை சுவாசிச்சு குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க. சொன்னதும் அம்மா சட்டியை அலமாரியில வச்சு மூடிட்டாங்க, இப்பவும் டேங்க் பக்கம் ஒரு கை தூரம் தள்ளித்தான் நடக்குறாங்க.

பின்கண்ணாடியில புள்ளி புள்ளியா வெள்ளையா வந்துச்சு, நத்தை முட்டைன்னு மகள் சொன்னா. லென்ஸ் வச்சுப் பாத்தா குட்டி குட்டி சுருள், ஜாங்கிரியை கடுகு சைஸுக்கு சுத்துன மாதிரி. ஸ்பைரார்பிட் புழு, அதோட கூடு அது, ஒண்ணும் செய்யாது. ஆனா கல்லுல குழாய் மாதிரி நீட்டிக்கிட்டு ராத்திரில எச்சில் வலை வீசுற வெர்மெட்டிட் நத்தை வேற கதை, அந்த வலை பட்டா பக்கத்துல இருக்கிற பவளம் சுருங்கிடும். குழாயை ஒடிச்சுட்டு ஓட்டையில சூப்பர் குளூ வச்சு அடைச்சேன். ரெண்டும் பாக்க வெள்ளைக் குழாய்தான், போன்ல படம் புடிச்சு தேடுற ஆப் ரெண்டுக்கும் ஒரே பேரைத்தான் சொல்லுச்சு, அதனால மூஞ்சியைப் பாத்து எடை போடாம ராத்திரி என்ன செய்யுதுன்னு உக்காந்து பாக்குறதுதான் என் வழி.

இந்த ஞானம் முன்னாடியே வந்திருந்தா ஐப்டேசியா விஷயத்துல ஏமாந்திருக்க மாட்டேன். ஒரு நாள் கல்லு ஓரத்துல கண்ணாடி மாதிரி பழுப்பா ஒரு குட்டி அனிமோன், பூ மாதிரி விரியுற கடல் உசுரு, காத்துல ஆடுற பனைமரம் மாதிரி அவ்ளோ அழகு. இலவசமா அனிமோன் வந்துருச்சுன்னு நான் வேற எறால் துண்டு ஊட்டி விட்டேன், என்னைச் சொல்லணும். 3 வாரத்துல பக்கத்துப் பவளத்தைக் கொட்ட ஆரம்பிச்சுது, கோவத்துல பிளேடு வச்சு வெட்டி எடுத்தேன், அடியில ஒட்டியிருந்த துணுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா வளந்து 1 இருந்தது 9 ஆச்சு.

பெப்பர்மின்ட் எறால் ஐப்டேசியாவைத் தின்னும்னு கடைக்குப் போனேன். எந்தக் கடைன்னு வேணாம். "கேன் லா பாஸ், சேம் சேம்"னு ஒரு ஜோடியைப் பையில போட்டுக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்து அது பவளத்தைக் கிள்ளித் திங்கிறதைப் பாத்த பிறகுதான் லென்ஸை எடுத்தேன். முதுகு கூனலா, சிவப்புக்கு நடுவுல பளிச்சுனு வெள்ளைக் கோடு, மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற கொம்பு மேலயும் கீழயும் அசையுது, இது கேமல் எறால். பெப்பர்மின்ட்டுக்கு உடம்பு கண்ணாடியா இருக்கும், மெல்லிசா சிவப்புக் கோடு, கொம்பு அசையாது, வெள்ளைக் கோடு கிடையாது. இப்ப எறால் வாங்குனா பையை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு 5 நிமிஷம் பாக்காம காசு குடுக்கிறதில்ல, கடைக்காரங்க முறைச்சா முறைக்கட்டும்.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. ராத்திரி லைட் அணைச்சதும் டேங்க்ல இருந்து டக்... டக்குன்னு சத்தம், கண்ணாடி விரிசல் விடுதோன்னு 2 நாள் எனக்குத் தூக்கமே இல்ல, 100 லிட்டர் தண்ணி கீழ் வீட்டுக்கு இறங்குனா யாரு பதில் சொல்றது. மகள்தான் "அப்பா, இது செக் ஜாவா சத்தம்"னா. புலாவ் ஊபின் தீவுக்குப் போனப்ப தண்ணி வத்துன நேரத்துல அங்க செக் ஜாவா கரையோர மரப்பாதையில நின்னு கேட்டோமே, அதே சத்தம்! அப்ப ஒண்ணு பிஸ்டல் எறால், இல்லன்னா மேன்டிஸ் எறால். மேன்டிஸ்னா ஆபத்து, நத்தையை அடிச்சு உடைச்சுத் தின்னும். ஆனா என் நத்தை ஓடு ஒண்ணுகூட உடையல. டார்ச்சுல சிவப்பு செலோஃபேன் சுத்தி, சிவப்பு வெளிச்சம் இந்த மாதிரி உசுருகளுக்கு அவ்வளவா தெரியாது, ரெண்டு பேரும் பாயைப் போட்டு 40 நிமிஷம் உக்காந்தோம். கடைசில கல்லுக்குள்ள இருந்து ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு, இன்னொரு கையை விட பல மடங்கு பெருசு. பிஸ்டல் எறால்தான்! அந்தச் சத்தம் கை மோதி வர்றது இல்லையாம், கையை மூடுற வேகத்துல தண்ணி பீச்சி அடிச்சு ஒரு குமிழி உண்டாகி அது நொறுங்குற சத்தமாம், 2000-லதான் ஹை ஸ்பீட் கேமராவுல படம் புடிச்சு உறுதி பண்ணாங்க. விட்டு வச்சிருக்கேன், இருந்துட்டுப் போகட்டும்.

அப்புறம் அந்த 9 ஐப்டேசியா. ஊசியில கால்சியம் ஹைட்ராக்சைடு கொழகொழன்னு கலந்து பம்பை நிறுத்திட்டு அதோட வாயிலயே வைக்கணும். அது வேற ஒண்ணும் இல்ல, சுண்ணாம்புதான், அம்மா வெத்தலைக்குத் தடவுறதும் அதே சாதிதான், ஆனா தேக்கா சந்தையில வாங்குன டப்பாவுல வேற என்ன கலந்திருக்கோ, அதனால மீன் கடைல விக்கிற சுத்தமான பொடியைத்தான் வாங்குனேன். ஒரே நாள்ல எல்லாத்துக்கும் வச்சா தண்ணியோட பிஎச், அதாவது காரத்தன்மை, எகிறிடும், ஒரு நாளைக்கு ரெண்டுன்னு கணக்கு. 8 போச்சு. பெருசு ஒண்ணு பம்புக்குப் பின்னால, ஊசி எட்டாத சந்துல நல்லா விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, சனிக்கிழமை பம்பையே கழட்டணும்.