ஏலகிரில ஒரு பைக் கடைய வாங்குன கதை

எழுதணும் எழுதணும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், நேத்து காட்பாடில பழைய ஃப்ரெண்டு ஒருத்தன் புடிச்சு நிறுத்தி "இன்னாடா மலை மேல ஷோரூம் வாங்கிட்டியாமே"ன்னு கேட்டான், சரி இனிமே ஆளாளுக்கு சொல்லிகினு இருக்க முடியாதுன்னு உக்காந்துட்டேன்.

ஷோரூம்லாம் இல்லப்பா. ஏலகிரில அத்தனாவூர் பக்கம் ஒரு பைக் கடை. முன்னாடி கண்ணாடிக்குள்ள நாலு புது வண்டி நிக்கும், பின்னாடி வொர்க்‌ஷாப், பக்கத்துல டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விடுற ஸ்கூட்டர் எட்டு, அதையும் தாண்டி பழைய டயர அடுக்கி வேலி கட்டின ஒரு மண் ட்ராக், அதுல ஓட்டுறதுக்கு நாலு சக்கர ஏடிவி நாலு. பதினாலு வருஷமா நடக்குற கடை. நான் சத்துவாச்சாரிக்காரன், வேலூர்ல ஒரு டூவீலர் ஷோரூம்ல பன்னெண்டு வருஷம், மொதல்ல பார்ட்ஸ் கவுன்ட்டர், அப்புறம் சர்வீஸ் அட்வைசர். அடுத்தவன் கடைய நல்லா பாத்துக்கத் தெரியும், சொந்தமா பெட்டிக்கடை கூட வெச்சதில்ல. பணத்துல பாதி மச்சான் போட்டான், பெங்களூர்ல வேலை, ஏலகிரிக்கு அங்கேருந்து நூத்தி அறுவது கிலோமீட்டர்தான், வாரா வாரம் வந்துடுவேன்னு சொன்னான். இது வரைக்கும் மூணு தபா வந்திருக்கான்.

விஷயத்த வீட்ல சொன்னதும் நைனா கேட்டது ஒரே கேள்விதான்: "நடக்குற கடைய எவன்டா விப்பான்?"

விக்கிறவர்கிட்டயே கேட்டேன். பையன் வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டான், எனக்கு முட்டி வலி, மலை குளிர் ஒத்துக்கல தம்பின்னாரு. ரெண்டும் நெசம்தான், அப்புறம் விசாரிச்சும் பாத்துட்டேன். ஆனா அது மட்டுமே காரணம் இல்ல.

மொத தடவ நாங்க மலையேறுனது 2025 ஆகஸ்ட் கடைசில. அந்த ரோட்ல பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பாரி காரி ஓரின்னு வள்ளல் பேரு, கம்பர் இளங்கோன்னு புலவர் பேரு. முல்லைக்கு தேர் குடுத்த பாரி மாதிரி இந்த மனுஷன் நமக்கு கடைய குடுக்கப் போறாருன்னு நெனச்சுகினே ஏறினேன், என்னத்த சொல்ல. கடைல அன்னிக்கு ஈ ஓட்டிட்டு இருந்தாங்க. கேட்டா ஆகஸ்ட் 15 அன்னிக்கு ஜிஎஸ்டி கொறையப்போகுதுன்னு பிரதமர் சொன்னதுலேருந்து எவனும் வண்டி எடுக்க மாட்றான், எல்லாம் காத்துகினு கீறாங்கன்னாரு. அது சரிதான், வேலூர்ல எங்க ஷோரூம்லயும் அதே கதைதான். செப்டம்பர் 22 அன்னிக்கு 350 சிசி வரைக்கும் 28 பர்சென்ட் 18 ஆச்சு, ஒரு வாரத்துல ஆயுத பூஜை, அக்டோபர் 20 தீபாவளி, எல்லா கடைலயும் வண்டி பிச்சிகினு போச்சு. இவரு என்ன பண்ணாருன்னா நவம்பர்ல எங்கள மறுபடி கூப்ட்டு அந்த அக்டோபர் கணக்க மேஜைல போட்டு, "பாத்துக்க தம்பி, மாசம் இவ்ளோ"ன்னாரு. ஒரு மாசத்துக்கு மேல தேக்கி வெச்ச தண்ணி ஒரே நாள்ல மதகு தொறந்தா ஆறு மாதிரிதான் தெரியும். நான் மூணு வருஷ ஜிஎஸ்டி ரிட்டர்ன், கரன்ட் பில்லு, எந்த வண்டிக்கு என்ன வேலை பாத்தாங்கன்னு எழுதி வெக்கிற வொர்க்‌ஷாப் ஜாப் கார்டு கட்டு எல்லாம் குடுங்கன்னேன். ரிட்டர்ன் குடுத்தாரு. ஜாப் கார்டுக்கு மட்டும் மூஞ்சி சுருங்குச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும், பைக் கடை வாங்குறேன்னு சொல்றவங்க முக்காவாசி பேரு ஏமாறுறது போர்டுல. "டீலர்ஷிப்போட சேத்து தரேன்"னாரு. ஆனா அவரு டீலரே இல்ல, சப் டீலர். கம்பெனியோட அக்ரிமென்ட் போட்டிருக்கிறது கீழ ஊர்ல இருக்கிற மெயின் டீலர், கண்ணாடிக்குள்ள பளபளன்னு நிக்கிற வண்டியும் அவரு ஸ்டாக்குதான், இவருக்கு வண்டிக்கு இவ்ளோன்னு கமிஷன். மெயின் டீலரா இருந்தாலும் அத பட்டா மாதிரி கை மாத்தி எழுதிட முடியாது, வாங்குறவனுக்கு கம்பெனி புதுசா சம்மதிக்கணும். நாங்க மெயின் டீலர நேர்ல போயி பாத்தோம். அவரு டீ வாங்கிக் குடுத்து ரொம்ப சாவகாசமா சொன்னாரு: "கடை யாருதுன்னு எனக்கு கவலை இல்ல, வொர்க்‌ஷாப்புல யார் நிப்பாங்க, அத சொல்லுங்க."

அப்பவே எனக்கு புரிஞ்சிருக்கணும். புரியல.

வாடகை ஸ்கூட்டர் எட்டுன்னேன் இல்ல, போயி எண்ணிப் பாத்தா அஞ்சுக்குதான் கறுப்பு பிளேட்டு மஞ்ச எழுத்து. மீதி மூணும் வெள்ள போர்டு, சொந்த ஓட்டத்துக்கு எடுத்த வண்டி. வாடகைக்கு விடணும்னா 1997ல வந்த ஸ்கீம்படி லைசென்ஸ் வேணும், கொறைஞ்சது அஞ்சு வண்டியாவது இருக்கணும், சரியா அந்த அஞ்சோட நிறுத்தி மீதிய இப்டியே ஓட்டிட்டு இருந்திருக்காரு. வெள்ள போர்டு வண்டி பத்தாவது வளைவுல உருண்டா இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சாலும் விரிப்பான். மூணையும் கணக்குலேருந்து எடுங்கன்னுட்டேன்.

ஏடிவி கதை இன்னும் கொடுமை. அது ரோட்ல ஓட்டுற வண்டி இல்ல, பதிவு கெடையாது, நம்பர் பிளேட்டு கெடையாது, வேலிக்குள்ள மட்டும்தான். சின்ன ஏடிவில கைப்பிடிகிட்ட, கட்ட விரலால தள்ளுற த்ராட்டில் இருக்கும் பாருங்க, அது பக்கத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அத உள்ள திருகிட்டா விசை பாதிக்கு மேல போகாது, கொழந்தைங்க ஓட்டுறப்ப அதுதான் காவல். நான் குனிஞ்சு பாக்குறேன், நாலு வண்டிலயும் ஸ்க்ரூவ கழட்டி ஓட்டைல எம்-சீல் வெச்சு அடைச்சிருக்கு. ஏன்னு கேட்டா, "ஸ்பீடு இல்லன்னா பசங்க காசு திருப்பி கேக்குறாங்க தம்பி." ரெண்டு வண்டி சீனா அயிட்டம், அதுக்கு பார்ட்ஸே கெடைக்காது, பிரேக் கேபிள் ஏதோ மொபெட்டோடத வெட்டி மாட்டியிருந்தாங்க. அந்த ரெண்டும் இப்ப பழைய இரும்புக்கு போயிடுச்சு, கிலோ கணக்குல.

பார்ட்ஸ் ரூம்ல எனக்கு கண்ண கட்டிப்போட்டாலும் தெரியும், பன்னெண்டு வருஷ பழக்கம். ஸ்டாக் லிஸ்ட்டுல ஆறு லட்சத்து சொச்சம். உள்ள போனா பாதிக்கு மேல கார்புரேட்டரு, பழைய மாடல் சைலன்சரு, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புது புகை விதி வந்தப்பவே செத்துப்போன சரக்கு. கேக்க ஆளு வருவான், வருஷத்துக்கு ஒருத்தன். ரெண்டே கால் லட்சத்துக்கு மேல பெறாதுன்னேன், கத்துனாரு, அப்புறம் ஒத்துக்கிட்டாரு.

காட்பாடில ஒரு ஆடிட்டரு, கறார் பேர்வழி, அவரு சொன்னது: நடக்குற பிசினஸ முழுசா அப்டியே வாங்குனா விலைக்கு ஜிஎஸ்டி இல்ல, தனித்தனி சாமானா பில்லு போட்டா உண்டு. நான் சந்தோஷப்பட்டேன், அவரு கண்ணாடிய தொடைச்சிகினே, முழுசா வாங்குனா அவரோட பழைய ஜிஎஸ்டி பாக்கியும் 85வது பிரிவுல உன் தலையில சேந்து விழும், போயி பாருன்னாரு. பாத்தோம், சின்னதா ஒரு பாக்கி இருந்துச்சு, கட்ட வெச்சிட்டுதான் மேல பேசுனோம். கட்டட ஓனரோட இருந்தது வெறும் பதினோரு மாச பேப்பரு, அதயும் அஞ்சு வருஷத்துக்கு மாத்தி ரிஜிஸ்டர் பண்ணோம்.

இதெல்லாம் கண்ணுக்கு தெரிஞ்சது. கடைசி வரைக்கும் தெரியாம இருந்தது ஹெட் மெக்கானிக் அண்ணா. மலைக்காரரு, கடை ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷத்துலேருந்து இருக்காரு. அந்த நவம்பர் மாசம் ஒரு சாயங்காலம் வாடகை ஸ்கூட்டர் ஒண்ணு பொன்னேரி வரைக்கும் எறங்கிட்டு திரும்பி வந்து நிக்குது, இவரு பின் சக்கரத்துகிட்ட பொறங்கைய கொண்டு போயி, தொடாமயே ஒரு நொடி வெச்சாரு. அப்புறம் மோந்து பாத்தாரு. "ஷூ கண்ணாடி ஆயிடுச்சு, நாளைக்கு இத குடுக்காத"ன்னு பையன்கிட்ட சொல்லிட்டு போயிட்டாரு. கழட்டி பாத்தா பிரேக் ஷூ மேல அப்டியே பளபளப்பா கண்ணாடி. கியர் இல்லாத ஸ்கூட்டர்ல ஆக்ஸிலரேட்டர விட்டு வேகம் கொறைஞ்சா உள்ள கிளட்ச் விட்டுடும், இன்ஜின் புடிச்சு நிறுத்தாது, பதினாலு வளைவும் முழு பாரமும் பிரேக் மேலதான். கீழ வேலூர்ல பன்னெண்டு வருஷத்துல நான் பாத்த அப்டி வெந்த ஷூவ விரல் விட்டு எண்ணலாம், அவரு வாரத்துக்கு நாலு மாத்துறாரு.

ஜாப் கார்டு கட்ட கடைசில இவருதான் எடுத்துக் குடுத்தாரு. அப்பதான் தெரிஞ்சுது, கடையோட லாபத்துல பெரும்பங்கு முன்னாடி கண்ணாடில இல்ல, பின்னாடி அந்த எண்ணெய் தரைல. இன்னொண்ணும் தெரிஞ்சுது. அண்ணா தை மாசம் ஜோலார்பேட்டைல சொந்தமா ஷெட் போடுறதா முடிவு பண்ணி அட்வான்ஸும் குடுத்துட்டாரு, அது ஓனருக்கும் தெரியும். அதான் முட்டி வலி.

எங்கூர் கோட்டை கோயில பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, கோபுரம் இருக்கும், கல்யாண மண்டபம் இருக்கும், 1981 வரைக்கும் உள்ள சாமி இல்ல, லிங்கம் எங்க சத்துவாச்சாரில இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு கோயிலதான் எனக்கு முப்பத்திரண்டு லட்சம்னு வெல சொல்லியிருக்காரு.

ரெண்டு வாரம் அண்ணா வீட்டுக்கு நடந்தேன். கேப்பங்களி போட்டாங்க, பேச்சே குடுக்கல. மூணாவது தபா அவரு சம்சாரம்தான் கேட்டாங்க, "தம்பி, மொதல்ல அந்த வெள்ள போர்டு வண்டிய எடுப்பியா, ஏதாச்சும் ஆனா போலீஸ் இவரதான் கூப்புடுது." எடுத்தாச்சுக்கான்னேன். சம்பளம் பதினெட்டுலேருந்து இருபத்தி நாலு, லேபர்ல பத்துல ஒரு பங்கு, எழுத்துல. ஷெட் அட்வான்ஸ்ல பாதிதான் திரும்பி வந்துச்சு, மீதிய நான் குடுத்தேன். அப்புறம்தான் விக்கிறவர்கிட்ட போயி உக்காந்து, பத்தொன்பதரைல முடிச்சோம்.

பொங்கல் முடிஞ்சு கடை கை மாறுச்சு. மொத செவ்வாக்கிழமை, பனி, எதிர்ல ரோடே தெரியல, டூரிஸ்ட் ஒருத்தன் இல்ல. பதினோரு மணிக்கு பால்காரர் ஒருத்தர் வந்து செயின் டைட் பண்ணிகினு "நோட்டுல எழுதிக்க"ன்னு போயிட்டாரு. எந்த நோட்டு? அண்ணா ட்ராயர தொறந்து எடுத்தாரு, எங்க அக்ரிமென்ட்டுல எங்கயும் வராத ஒரு நாப்பது பக்க நோட்டு, மலை ஊர் பூரா பாக்கி, கூடவே மூணு பேரு புது வண்டிக்கு குடுத்த ஆளுக்கு அஞ்சாயிரம் அட்வான்ஸ். பாக்கி வந்தா நமக்கு, அட்வான்ஸ் கேட்டா நாமதான் குடுக்கணும். பழைய ஓனருக்கு போன் போட்டேன், ரிங் போயிகினே இருந்துச்சு. சாயங்காலம் கல்லால அறுநூத்தி நாப்பது ரூபா. பால்காரர் பேருக்கு நேரா நாப்பது எழுதிட்டு ஷட்டர எறக்குனோம்.