முட்டி நீர் எடுப்பது சுலபம், எண்ணி வாங்குவதுதான் பாடு

முட்டியில் ஊசி குத்தி நீர் எடுக்கச் சொன்னார்களே என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது ஒன்றுமே இல்லை. மரத்துப்போக ஒரு மருந்து, அப்புறம் கொஞ்சம் அழுத்தம், முடிந்தது. என் பாடெல்லாம் அந்த நீரில் எத்தனை வெள்ளையணு இருக்கிறது என்று எண்ணி வாங்குவதில்தான்.

எனக்குப் பல வருஷமாக மூட்டுத் தேய்மானம். திடீரென்று ஒரு முட்டி மட்டும் வீங்கிச் சுடவே, ஸ்டீராய்டு ஊசிக்கு முன்னால் நீரைச் சோதித்துவிடலாம் என்றார் டாக்டர். உள்ளே கிருமி இருந்து, அது தெரியாமல் ஸ்டீராய்டு போட்டால் வினைதான்.

எடுத்த நீரைச் சாதாரணக் குழாயில் ஊற்றி என் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். லேசாக ரத்தம் கலந்திருந்தது. பில் கவுன்டரில் இருந்தவர் கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "பிளட் இருக்கு, யூரின் இருக்கு, முட்டி நீர்னு ஒண்ணும் இல்லையேம்மா. டாக்டர்கிட்ட டெஸ்ட் பேரைத் தெளிவா எழுதி வாங்கிட்டு வாங்க." அந்தக் காலோடு மறுபடி மாடியேறினால், டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். அவர் வெளியே வந்து கையெழுத்துப் போடும்வரை குழாய் கவுன்டர் மேலேயே கிடந்தது. மறுநாள் ரிப்போர்ட்டில் ஒரே வரி: மாதிரி உறைந்துவிட்டது, எண்ண இயலவில்லை.

அடுத்த தடவை வேறு லேப். முன்கூட்டியே போன் போட்டு விசாரித்துக்கொண்டேன். நீங்களும் கேளுங்கள்: அணு எண்ணிக்கைக்கு ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட ஊதா மூடிக் குழாய், கிருமி வளர்த்துப் பார்க்கத் தனியாகச் சுத்தமான பாட்டில். எடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எண்ணிவிடுவது நல்லது. கிடக்கக் கிடக்க அணுக்கள் உடைந்து கணக்குக் குறைந்துவிடும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே நீர் எடுத்துவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த முறை டாக்டர் சிரிஞ்சின் நுனியிலிருந்து ஒரு சொட்டை விட்டுக் காட்டினார். வைக்கோல் நிறத்தில், அறுபடாமல் ஓரங்குலத்துக்கு மேல் நூலாக இறங்கியது. கடுமையான அழற்சி என்றால் தண்ணீர் மாதிரி சொட்டுமாம். அதைப் பார்த்ததுமே பாதி பயம் போய்விட்டது.

லேபில் இருந்த டெக்னீஷியன் தம்பி விஷயம் தெரிந்தவர். ரத்த வெள்ளையணுவை எண்ணும்போது கலக்கும் திரவத்தில் அசிட்டிக் அமிலம் உண்டு. அதை முட்டி நீரில் விட்டால் திரிந்துபோகும், அணுக்கள் அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். மிச்சமிருந்த சொட்டில் அமிலத்தை விட்டுக் காட்டினார்; கண்ணெதிரே வெள்ளையாகத் திரண்டது. "அதனாலதான் சலைன்ல கலந்து எண்ணுவோம்மா" என்றார். முதல் லேபில் நேரத்துக்கு வாங்கியிருந்தாலும் இதைச் செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ரிப்போர்ட் வந்தது: மைக்ரோலிட்டருக்கு 640 வெள்ளையணு, அதில் நியூட்ரோஃபில் (கிருமி புகுந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளையணு வகை) 11 சதவீதம். மீதியெல்லாம் லிம்போசைட், மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற மற்ற வகைகள். நல்ல முட்டியில் 200-க்குள் இருக்கும். தேய்மானத்தில் பெரும்பாலும் 2,000-க்குள் நிற்கும். சீழ் பிடித்த மூட்டில் பல சமயம் 50,000-ஐத் தாண்டும், அதுவும் பெரும்பாலும் நியூட்ரோஃபிலாகவே இருக்கும். கவுட், சூடோகவுட் என்ற மூட்டு நோய்களில் தென்படும் படிகங்களும் இல்லை. ஆக, தேய்மானம்தான். வெறும் தேய்மானத்தில் எதிர்ப்பு அணுக்களுக்கு என்ன வேலை என்று கேட்டேன். உதிர்ந்த குருத்தெலும்புத் துணுக்குகளை மேக்ரோஃபேஜ் விழுங்கப் போய், அது விடும் ரசாயனங்களால் மூட்டின் உள்சவ்வு வீங்கி நீர் கோக்கிறதாம். இத்தனை வருஷமாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

லிம்போசைட்டில் ஒரு இனமான டி செல்லில் எந்த வகை எவ்வளவு என்றெல்லாம் இந்த ரிப்போர்ட்டில் வராது. அதற்கு அணுக்களை லேசர் ஒளியில் வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வேண்டும். தேய்மானத்தைப் பொறுத்தவரை அது ஆராய்ச்சிக்காரர்கள் செய்வது. இதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று யாராவது பில்லை நீட்டினால், வந்து என்ன மாறப்போகிறது என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

கிருமிச் சோதனை முடிவு சில நாள் கழித்து வந்தது, ஒன்றும் வளரவில்லை. ஊசி போட்டாயிற்று, வீக்கம் வடிந்துவிட்டது. முதல் லேபில் கட்டிய பணத்தைத்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.