டேலி ஆயிடுச்சு, அதுக்காக கணக்கு சரியா?

பிகாம் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச சந்தோஷம் ஒண்ணு இருக்கு, ட்ரையல் பேலன்ஸ் (எல்லா கணக்கோட டெபிட், கிரெடிட் மீதியையும் ரெண்டு பக்கமா எழுதி கூட்டற பட்டியல்) டேலி ஆகுற சந்தோஷம். ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வந்துட்டா போதும், அன்னிக்கு வேற எதுவும் வேணாம். வரலைன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு போட்டு வித்தியாசத்தை அதுல தள்ளிட்டு அப்புறம் தேடிக்கலாம்னு அடுத்த கணக்குக்கு போயிடுவோம். ஆனா இந்த டிகிரியில உருப்படியா என்ன கத்துக்கிட்டேன்னு யாராவது கேட்டா, டேலி ஆனதால மட்டும் கணக்கு சரியாயிடாதுங்கிறதத்தான் சொல்வேன்.

முதல் செமஸ்டர்லயே கேபிடல் எக்ஸ்பென்டிச்சர், ரெவென்யூ எக்ஸ்பென்டிச்சர்னு ஒரு சாப்டர் வரும். பாதி பேர் அதை தூக்கத்துலயே தாண்டிடுவாங்க. மெஷின் வாங்கினா கேபிடல், அது அசெட்டா, அதாவது சொத்தா, பேலன்ஸ் ஷீட்ல போய் உக்காரும். அதே மெஷினுக்கு வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணா ரெவென்யூ, அந்த வருஷ லாபத்துலயே கழிஞ்சிடும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மெஷினை முதல் தடவை ஓட வைக்கறதுக்கு பண்ற ரிப்பேர் மட்டும் கேபிடல் (இதை கேக்காத கொஸ்டின் பேப்பரே கிடையாது). அவ்ளோதானே, இதுல என்ன இருக்குன்னு தோணும்.

2002 ஜூன்ல அமெரிக்காவோட வேர்ல்டுகாம் டெலிபோன் கம்பெனி மாட்டினது சரியா இந்த சாப்டர்லதான். மத்த கம்பெனிகளோட லைனை உபயோகிச்சதுக்கு அவங்க கட்டின காசு சாதாரண செலவு, அந்தந்த வருஷமே கழிச்சிருக்கணும். அதை அசெட்னு காட்டி வச்சிருந்தாங்க. முதல்ல வெளிய வந்த தொகையே 380 கோடி டாலருக்கு மேல. கண்டுபிடிச்சது வெளிய இருந்து வந்த ஆடிட்டர் இல்ல, சிந்தியா கூப்பர்னு அந்த கம்பெனியோட சொந்த இன்டர்னல் ஆடிட் ஹெட்டும் அவங்க டீமும்தான். அடுத்த மாசமே கம்பெனி திவால் மனு போட்டுச்சு, தலைமையில இருந்த பெர்னி எபர்ஸுக்கு 2005ல 25 வருஷம் தண்டனை.

இப்ப இதை ட்ரையல் பேலன்ஸோட சேர்த்து பாருங்க. செலவுல போட வேண்டிய டெபிட்டை அசெட்ல போட்டா அதுவும் டெபிட்தானே, கூட்டுத்தொகை ஒரு பைசா மாறாது, சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும் தேவைப்படாது. இதுக்குத்தான் எரர் ஆஃப் பிரின்சிபிள்னு பேர், ட்ரையல் பேலன்ஸ் காட்டிக் கொடுக்காத தப்புகளோட லிஸ்ட்ல ஒண்ணு, நாமளும் அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துடுவோம். ஒவ்வொண்ணையும் டெபிட் ஒரு தடவை, கிரெடிட் ஒரு தடவைன்னு ரெண்டு இடத்துல எழுதற டபுள் என்ட்ரி ஒண்ணும் புது சமாச்சாரம் இல்ல, லூக்கா பச்சோலி 1494ல வெனிஸ்ல அச்சடிச்ச கணித புத்தகத்துல விளக்கி எழுதறதுக்கு ரொம்ப முன்னாடியே இத்தாலி வியாபாரிங்க கையில இருந்த முறை. அத்தனை நூறு வருஷமா அந்த முறையால சொல்ல முடிஞ்சது, எழுதினது சமமா இருக்குன்னு மட்டும்தான். எழுதினது நியாயமான்னு கேட்டா அதுக்கு பதில் தெரியாது.

சரி திருட்டுத்தனம் வேணாம், நேர்மையாவே எழுதறோம்னு வைங்க, அப்பவும் லாபம் ஒரே நம்பரா வராது. 10,000க்கு ஒரு மெஷின், 5 வருஷம் ஓடும், கடைசில ஒண்ணும் தேறாது. ஸ்ட்ரெயிட் லைன்ல, அதாவது எல்லா வருஷமும் ஒரே அளவா போட்டா வருஷத்துக்கு 2,000 டிப்ரிசியேஷன் (தேய்மானம்). ரிட்டன் டவுன் வேல்யூல, அதாவது கழிச்சது போக மீதி இருக்கற மதிப்புல, 40 சதவீதம் போட்டா முதல் வருஷம் 4,000, ரெண்டாவது வருஷம் 2,400. அதே மெஷின், அதே வேலை, முதல் வருஷ லாபத்துல 2,000 வித்தியாசம், யாரும் பொய் சொல்லல. ஸ்டாக் வேல்யூவேஷனும் இப்படித்தான், விலை ஏறிட்டே போற காலத்துல ஃபைஃபோ (முதல்ல வாங்கின சரக்கு முதல்ல வித்துச்சுன்னு வைக்கறது) போட்டா லாபம் கூட தெரியும், லைஃபோ (கடைசியா வாங்கினது முதல்ல வித்துச்சுன்னு வைக்கறது) போட்டா கம்மி. அமெரிக்க விதிகள்ல லைஃபோவுக்கு இடம் இருக்கு, சர்வதேச ஸ்டாண்டர்டுல இல்ல. இது போதாதுன்னு, லாபம் காட்டுற கம்பெனி கிட்ட சம்பளம் போட காசு இல்லாமயும் போகலாம், ஏன்னா வித்ததெல்லாம் கடனுக்கு. காசு எங்க இருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு காட்டற கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டை சிலபஸ்ல ஏன் இவ்ளோ லேட்டா வைக்கறாங்கன்னு எனக்கு இன்னும் கடுப்புதான்.

எதிர்பார்க்காம புடிச்சுப் போன பேப்பர்னா அது லா, அதாவது சட்டம்தான். செக்‌ஷன் நம்பரா மனப்பாடம் பண்ணா செத்தோம், கேஸா படிச்சா கதை மாதிரி போகும். சாலமன்னு ஒரு பூட்ஸ் வியாபாரி தன் கடையை கம்பெனியாக்கி, பொண்டாட்டி புள்ளைங்க ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு ஷேர் குடுத்துட்டு மீதி 20,001 ஷேரை தானே வச்சுக்கறார். கம்பெனி மூழ்கினதும் இதெல்லாம் நாடகம், கம்பெனின்னா அவர்தானேன்னு வழக்கு. 1896ல பிரிட்டன்ல பிரபுக்கள் சபை என்ன சொல்லுச்சுன்னா, இல்ல, கம்பெனி வேற ஆள் வேற, கம்பெனி கடனுக்கு அவர் பொறுப்பில்லைன்னு. அக்கவுண்ட்ஸ்ல முதல் வாரம் பிசினஸ் என்டிட்டி கான்செப்ட்னு, முதலாளி வேற பிசினஸ் வேறன்னு ரெண்டு வரி சொல்லிட்டு போவாங்களே, அது கோர்ட்டுல நின்னு ஜெயிச்சா எப்படி இருக்கும்னு இந்த கேஸ் படிச்சப்பதான் ஒறைச்சுது.

காஸ்டிங்ல, அதாவது ஒரு சாமான் பண்ண என்ன செலவாகுதுன்னு கணக்கு போடற பேப்பர்ல, ஒரே ஒரு ஆளை மட்டும் சொல்லிடறேன். ஜோசியா வெட்ஜ்வுட், இங்கிலாந்துல பீங்கான் சாமான் பண்ணவர். 1772 நிதி நெருக்கடியில விக்கிற மாதிரி வித்தும் காசு மிஞ்சலைன்னு உக்காந்து செலவை அக்கு அக்கா பிரிச்சாரு. சாமான் கூட பண்ணாலும் கொறைச்சு பண்ணாலும் மாறாத செலவுன்னு ஒரு கூட்டம் இருக்குன்னு புரிஞ்சுது, கூடவே ஆபீஸ் கிளார்க் கையாடல் பண்ணதும் தெரிஞ்சுது. ஃபிக்ஸட் காஸ்ட்னு நாம கோடு போட்டு பிரேக் ஈவன் சார்ட் (லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம இருக்கற இடத்தை காட்டறது) வரையறோமே, அதே விஷயம்தான். மார்க்கெட்டிங், மேனேஜ்மென்ட் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, 4பி (ப்ராடக்ட், ப்ரைஸ், ப்ளேஸ், ப்ரமோஷன்) எல்லாம் ஒரு ராத்திரியில படிச்சுடலாம்.

படிக்கறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. சால்வ்ட் ப்ராப்ளத்தை கதை மாதிரி வாசிச்சா எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், புக்கை மூடிட்டு போட்டு பாருங்க. அப்புறம் ஏதாவது ஒரு கம்பெனியோட ஆனுவல் ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணி, நம்பரை விட்டுட்டு பின்னாடி இருக்கற நோட்ஸை முதல்ல படிங்க, எந்த டிப்ரிசியேஷன் முறை, எத்தனை வருஷ ஆயுசு, வருமானத்தை எந்த நிமிஷத்துல வருமானம்னு எடுத்துக்கறாங்க, எல்லாம் அங்கதான் இருக்கும். குறிப்பா டெவலப்மென்ட் செலவு. சர்வதேச ஸ்டாண்டர்டு படி ரிசர்ச் செலவை உடனே கழிச்சிடணும், டெவலப்மென்ட்னு வந்துட்டா சில கண்டிஷன் எல்லாம் நிறைவேறினா அசெட்டா போடணும். ரிசர்ச் எங்க முடிஞ்சு டெவலப்மென்ட் எங்க ஆரம்பிக்குதுன்னு கிளாஸ்ல கேட்டு பாருங்க, பெல் அடிச்சப்புறமும் சண்டை ஓடும்.