ஆறில் ஒன்றைத்தான் பார்த்தேன்

1990 ஜூன் 9, சனிக்கிழமை இரவு. யாழ்ப்பாணத்தில் எங்கள் நேரப்படி ஆட்டம் தொடங்கும்போது நள்ளிரவு தாண்டி அரை மணி. விளையாட்டு மாஸ்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு விடுதிப் பெடியள் ஏழு பேர், கல்லூரிப் பின்மதிலோடு ஒட்டியிருந்த வீட்டு விறாந்தையில் குந்தியிருந்தோம். அந்த வீட்டு அன்ரி தொலைக்காட்சிப் பெட்டியை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தா. உயரமான பைப்பில் கட்டிய அன்ரெனா காற்றுக்கு ஆட, படமும் சேர்ந்து ஆடியது. உதைபந்தாட்ட உலகக் கிண்ணம். உரோமில் இத்தாலியும் ஆஸ்திரியாவும்.

இத்தாலி அடித்துக்கொண்டே இருந்தது, பந்து உள்ளே போகவில்லை. 75 ஆம் நிமிடத்தில் பயிற்றுநர் விச்சினி, கர்னேவாலேயை வெளியே எடுத்துவிட்டு 19 ஆம் இலக்கச் சட்டையோடு ஒரு கட்டையான ஆளை இறக்கினார். திரையில் விழுந்த பெயரை நாங்கள் ‘ஷில்லாசி’ என்று வாசித்தோம். மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். வலப்பக்கமிருந்து வியாலி பந்தைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டு நெடிய ஆஸ்திரியர்களுக்கு நடுவே அந்தக் கட்டை மனிதர் எழும்பித் தலையால் அடித்தார். கோல். பிறகு அவர் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! கண்கள் இரண்டும் வெளியே வந்துவிடும்போல விரிந்திருந்தன. அடித்தது தான்தான் என்று அவருக்கே நம்பிக்கை வராத மாதிரி ஒரு முகம்.

அந்த முகம் என்னை ஏன் பிடித்துக்கொண்டது என்று என்னோடு விளையாடியவர்களுக்குத் தெரியும். 19 வயதுக்குட்பட்டோர் அணியில் நான் இரண்டு வருடமும் றிசேவ். சட்டை போட்டு, பூட்ஸ் கட்டி, கோட்டுக்கு வெளியே வாங்கில் இருப்பேன். இடைவேளையில் தோடம்பழம் வெட்டிக் கொடுப்பேன். மாஸ்டர் எப்போதாவது திரும்பிப் பார்ப்பார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எழும்புவேன், அவர் வேறு யாரையோ கூப்பிடுவார். அதனால் வாங்கிலிருந்து எழும்பிப் போன ஒருவர் மூன்று நிமிடத்தில் ஒரு தேசத்தையே எழுப்பிவிட்டதைக் கண்டபோது, என் நெஞ்சு அடித்தது பக்கத்திலிருந்தவனுக்கும் கேட்டிருக்கும். அந்த உலகக் கிண்ணத்துக்கு முன்னர் அவர் தன் நாட்டுக்காக ஆடியது ஒரேயொரு ஆட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுதிருப்பேன்.

இரண்டு நாளில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது.

அந்த ஜூன் மாதத்தை இந்தக் கல்லூரி மலரை வாசிக்கும் எங்கள் வயதுக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மின்சாரம் போனது போனதுதான். வலிகாமம் வடக்குச் சனம் மூட்டை முடிச்சோடு தெற்கே வந்தது. என் வீட்டாரும் வந்தார்கள், வந்து சேர்ந்தது எங்கள் கல்லூரிக்கே. நான் தூய கணிதம் படித்த வகுப்பறையின் மூலையில் அம்மா மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினா. கரும்பலகையில் பாதி அழிந்த ஒரு வகையீட்டுக் கணக்கு அந்தப் புகைக்குப் பின்னால் பல நாள் இருந்தது.

உலகக் கிண்ணமும் நடந்துகொண்டுதான் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு சின்ன றேடியோ. அதன் சொந்தக்காரன் ஆங்கிலத்தில் கெட்டிக்காரன், எங்கள் விவாத அணித் தலைவன். சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே வர்ணனை போய்வரும். அவன் மட்டும் காதை ஒட்டிக் கேட்டு எங்களுக்குச் சொல்லுவான். ஜாம் போத்தல் விளக்கைக்கூட ஊதி அணைத்துவிட்டு, மண்டபத்தின் பின்படியில் இருட்டுக்குள் இருப்போம். அவன்தான் பெயரைத் திருத்தினான்: “ஷில்லாசி இல்லையடா, ஸ்கிலாச்சி. தொதோ ஸ்கிலாச்சி.”

செக்கோசிலோவாக்கியாவுக்கு எதிராக 9 ஆம் நிமிடத்திலேயே ஒரு கோல். உருகுவேக்கு எதிராக 65 ஆம் நிமிடத்தில். “அந்தரத்தில பாய்ஞ்சு, நிலத்துக்குச் சமாந்தரமா, தலையால!” என்று அவன் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அதைக் கண்டோம். அயர்லாந்துக்கு எதிராக 38 ஆம் நிமிடத்தில். பகலில் பற்றறிகளை வெயிலில் காயவைத்து இரவில் போடுவோம். ஜூலை 3 அரையிறுதிக்கு அவையும் செத்துவிட்டன. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, முறைவைத்துப் பெடல் சுற்றினோம். நேப்பிள்ஸில் ஆர்ஜன்டீனா. 17 ஆம் நிமிடத்தில் ஸ்கிலாச்சி. கனிஜியா சமப்படுத்தினார். பெனால்ட்டி வந்தபோது பெடல் என் கையில். கை தளர்ந்தால் வர்ணனையாளரின் குரல் மங்கும், சுற்றினால் திரும்பவும் எழும்பும். டோனடோனி அடித்தது போகவில்லை. செரேனா அடித்ததும் போகவில்லை. சுற்றுவதை நிறுத்தினேன். யாரும் சுற்றச் சொல்லவில்லை.

பாரியில் மூன்றாம் இடத்துக்கு நடந்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் பெனால்ட்டியில் அடித்தது ஆறாவது கோல். அதுவரை செக் வீரர் ஸ்குராவியும் அவரும் ஐந்து ஐந்தாகச் சமமாக நின்றார்கள். வழக்கமாகப் பெனால்ட்டி அடிக்கும் ரொபேர்ட்டோ பஜ்ஜோ பந்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பஜ்ஜோ பெரிய ஆட்டக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அவர் பெரிய மனிதரானது அந்த ஒரு கொடுப்பில். அதிக கோலுக்கான விருதும் சிறந்த வீரருக்கான விருதும் ஸ்கிலாச்சிக்கே கிடைத்தன. அந்த வருடம் ஐரோப்பாவின் சிறந்த வீரர் தெரிவில் ஜேர்மனியின் மத்தேயஸுக்கு அடுத்த இடம் அவருக்கு.

பிறகு எங்கள் வாழ்க்கை எங்களைச் சுழற்றியது. 1999 இல் நான் இத்தாலிக்கு வந்து சேர்ந்தேன். சொந்தக்காரர் இருந்த இடம் பலேர்மோ. சிசிலித் தீவின் தலைநகர். பல்லாரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் நான்கு பேர். வீடு துடைப்பதும் வயோதிபரைப் பார்ப்பதும்தான் எங்கள் சனத்துக்கு அங்கே கிடைத்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுவோம், சைவம் கிறிஸ்தவம் என்ற பேதமில்லாமல். அந்த மலையடிவாரத்தில்தான் பலேர்மோவின் உதைபந்தாட்ட அரங்கம். ஸ்கிலாச்சி பிறந்த ஊருக்கே வந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரியவந்தது முதல் மாதச் சம்பளம் வாங்கிய பிறகு.

நான் பார்த்துக்கொண்ட கிழவர் நகர பஸ் நிறுவனமான ‘அமாத்’தில் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கிலாச்சியின் பெயரைச் சொன்ன அன்றுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எங்கட பொடியன்” என்கிற மாதிரி ஒரு சிசிலிச் சொல்லைச் சொன்னார். ஸ்கிலாச்சி முதலில் ஆடியது அமாத் பஸ்காரர்களின் அணியில்தான். 1964 டிசம்பர் 1 இல் பிறந்தவர். நகரின் ஓரத்தில், வறிய சனத்துக்காகக் கட்டிய ‘செப்’ குடியிருப்பில் வளர்ந்தவர். சிறுவயதில் டயர் ஒட்டும் கடையில் வேலை. சொந்த ஊரின் பெரிய அணியான பலேர்மோவுக்கு அவர் ஒரு நாளும் ஆடவில்லை. 1982 இல் தீவின் மறுமூலையிலுள்ள மெசினா அணிக்குப் போனார். அங்கே ஏழு வருடம். கீழ்ப் பிரிவுகளில், புழுதி மைதானங்களில். 1988-89 இல் ஜெமான் என்ற பயிற்றுநரின் கீழ் இரண்டாம் பிரிவில் 23 கோல் அடித்து முதலிடம் பிடித்தபோதுதான் வடக்கிலிருந்து ஜுவெந்துஸ் கூப்பிட்டது. 24 வயது. ஒரே இரவில் வந்தவர் என்று 1990 இல் உலகம் எழுதியது. ஏழு வருடத்தை அவர்கள் எண்ணவில்லை.

ஜுவெந்துஸ் இருக்கும் தூரின் நகரத்தைப் பற்றிக் கிழவர் சொல்லும்போது குரல் மாறும். அந்த அணி பியட் கார்க் கம்பனிக் குடும்பத்தினுடையது. பியட் தொழிற்சாலைக்குத் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் றெயிலேறிப் போனார்கள். ‘தென்னாட்டாருக்கு வீடு வாடகைக்கு இல்லை’ என்று ஒரு காலத்தில் அங்கே அறிவித்தல் தொங்கியது. ‘தெரோனி’ என்றால் மண்ணைக் கிண்டுகிறவர்கள், அதுதான் தென்னாட்டாருக்கு வடக்கில் வைத்த பட்டம். ஸ்கிலாச்சி பந்தைத் தொட்டால் எதிரணி அரங்குகளில் டயர் திருடன் என்று பாடுவார்கள். அவர் பதிலுக்குத் தன் முதல் வருடத்தில் 21 கோல் அடித்தார். அந்த வருடம் ஜுவெந்துஸ் இத்தாலியக் கிண்ணத்தையும் யூஈஎப்ஏ கிண்ணத்தையும் வென்றது. கிழவரின் தம்பியும் அந்தத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர். அந்த ஜூன் இரவுகளில் அவர் தூரினின் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாராம். இதைக் கேட்டுக்கொண்டு நான் கிழவரின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது எனக்குப் புரியுமா என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

அவரிடம் 1990 ஆட்டங்களின் வீடியோ நாடா இருந்தது. ஒரு பின்னேரம் போட்டுக் காட்டினார். பத்து வருடம் கழித்து, மிச்ச ஐந்து கோலையும் அப்போதுதான் பார்த்தேன். செக் அணிக்கு எதிரானது மிகச் சாதாரணம்: ஜியன்னினி அடித்த பந்து நிலத்தில் குத்தி எழும்ப, வாசலுக்குக் கிட்ட நின்று தலையால் தட்டிவிட்டது. அயர்லாந்துக்கு எதிராக, டோனடோனி அடித்ததைக் கோல்காப்பாளர் பொன்னர் தடுத்துத் தடுமாறிய கணத்தில். ஆர்ஜன்டீனாவுக்கு எதிராகவும் வியாலி அடித்துத் தெறித்த பந்துதான். மற்றவன் அடித்துத் தவறியதுக்குப் பின்னால் ஓடிப்போய் நிற்கிற ஆள் அவர். அதற்குத் திறமை வேண்டுமா, பசி வேண்டுமா என்று கேட்டால் நான் பசி என்றுதான் சொல்லுவேன்.

உருகுவே கோலைக் கண்டபோது மட்டும் நான் எழும்பி நின்றுவிட்டேன். பாய்ச்சலும் இல்லை, தலையும் இல்லை. பெனால்ட்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து இடக்காலால் ஓங்கி ஒரு அடி. கோல்காப்பாளரின் தலைக்கு மேலால் போய்க் கடைசி நேரத்தில் இறங்கி வலையில் விழுந்தது. ஆறிலும் அழகானது அதுதான்.

அந்தக் கோடைக்குப் பிறகு அவருக்கு எல்லாம் இறங்குமுகம். அடுத்த பருவத்தில் லீக்கில் ஐந்தே கோல். நாட்டுக்காக மொத்தம் 16 ஆட்டம், 7 கோல், அதில் ஆறு அந்த ஒரு மாதத்தில். 1992 இல் மிலானின் இன்டர் அணிக்குப் போனார், காயங்கள் விடவில்லை. 1994 இல் ஜப்பானின் ஜூபிலோ இவாட்டாவுக்கு. ஜப்பான் லீக்கில் ஆடிய முதல் இத்தாலியர் அவர். பாஷை தெரியாத ஊரில் 78 லீக் ஆட்டங்களில் 56 கோல். இத்தாலியில் இதைப் பெரிதாகப் பேசமாட்டார்கள். பாஷை தெரியாத ஊரில் வேலை செய்து பார்த்தவன் என்ற முறையில் நான் பேசுவேன். ஆட்டத்தை விட்ட பிறகு பலேர்மோவுக்கே திரும்பி வந்து, பெடியளுக்கு உதைபந்தாட்டப் பள்ளி நடத்தினார். என் மகனோடு படித்த இரண்டு பிள்ளைகள் அங்கே போனார்கள். ஒரே நகரத்தில் இருபத்தைந்து வருடம் இருந்தும் நான் அவரை நேரில் கண்டதில்லை.

கண்டது 2024 செப்டெம்பரில். குடல் புற்றுநோயில் 18 ஆம் திகதி காலமானார், வயது 59. மலையடிவார அரங்கத்தில் உடலை வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஊர் அணிக்காக ஆடாத அதே அரங்கம். வேலை முடிந்து, சட்டை மாற்றாமல் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தகப்பன், தோளில் சின்னப் பெடியன், பெடியனின் முதுகில் நீலச் சட்டை 19. மூடிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கைகூப்பினேன்.

அன்றிரவு ரொறன்ரோவுக்கு, எங்கள் றேடியோக்காரனுக்கு போன் எடுத்தேன். செய்தி அவனுக்குத் தெரிந்திருந்தது. வரிசையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவன் கேட்டான்: “மச்சான், அந்த உருகுவே கோல் உண்மையா எப்பிடி? அந்த நேரம் பற்றறி இறங்கிட்டுது. அவன்ர பேரும் சனத்தின்ர சத்தமும் மட்டுந்தான் எனக்குக் கேட்டது. நீங்கள் எல்லாரும் இருட்டுக்குள்ள என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருந்தியள், என்ன செய்ய? நானாச் சொன்னன்.”

“நீ இன்னும் பாக்கேல்லையா?”

“இல்லை. வேணுமெண்டுதான் பாக்கேல்லை. நீ சொல்லு.”

பெட்டிக்கு வெளியே அவர் எங்கே நின்றார், பந்து எந்தக் காலில் பட்டது, எவ்வளவு உயரம் போய் எங்கே இறங்கியது என்று மெல்ல மெல்லச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான்.

“இன்னொருக்காச் சொல்லு,” என்றான்.

சொன்னேன்.