தூக்கிவாரிப் போடுற உடம்போட வேலை பாக்கிறது

சிவகாசில வேலைன்னா வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், இல்லன்னா அச்சாபீஸ். நான் முதல்ல இருந்து மூணாவதுக்கு வந்தவ. வெடி ஆபீஸ்ல கணக்குதான் எழுதினேன், வெடிமருந்து ரூம் பக்கமே போனதில்ல, ஆனா மருந்து கலக்குற ஷெட் வெடிச்ச அன்னைக்கு எங்க ரூம் ஜன்னல் கண்ணாடி மொத்தமும் மேல வந்து விழுந்துச்சு. அந்த நாளைப் பத்தி எழுதப்போறதில்ல, அதுக்கப்புறம் இந்த உடம்பு பண்ற கூத்துதான் விஷயம்.

இப்ப ஆஃப்செட் பிரஸ்ல பில்லிங். மிஷின் நாள் முழுக்க தடதடன்னு ஓடும், அது ஒன்னும் பண்ணாது. லோடு இறக்குற பையன் பேப்பர் ரீமைத் தொப்புன்னு தரையில போட்டான்னா போச்சு, தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறி, கண்ணு இறுக மூடி, கையில இருந்த பேனா எங்கயோ கிடக்கும். கம்ப்ரசர்ல காத்து புஸ்ஸுன்னு போனாலும் அதே கதைதான். படபடப்பு அடங்குறதுக்குள்ள கணக்கை எங்க விட்டோம்னு மறந்துடும், மறுபடி மேல இருந்து கூட்டணும்.

"ஏக்கா, வெடி ஊர்ல பொறந்துட்டு இப்படிப் பயப்படுறீங்களே"ன்னு சிரிப்பாங்க. பயப்படணும்னா என்ன சத்தம்னு முதல்ல தெரியணும்ல? மதுரையில பாத்த டாக்டர் விவரமா சொன்னார், திடீர் சத்தத்துக்கு கண்ணு மூடுறது ஒரு நொடியில 20ல ஒரு பங்குக்குள்ளயே ஆரம்பிச்சிடுமாம், அது மூளைத்தண்டு பாக்குற வேலை, நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே உடம்பு குதிச்சு முடிச்சிருக்கும். எல்லாருக்கும் உள்ளதுதான், பெரிய அதிர்ச்சி பட்டவங்களுக்கு மூளையில அமிக்டலான்னு ஒரு பகுதி வால்யூமைக் கூட்டி வச்சிடுது. 1980ல அமெரிக்க மனநல டாக்டர்கள் பிடிஎஸ்டிய, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பை, நோய்ப் பட்டியல்ல சேர்த்தப்பவே இந்தத் திடுக்கிடலும் அறிகுறியா அதுல இருந்துச்சாம். "தைரியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா"ன்னார். "மனசைத் திடமா வச்சுக்கோ"ன்னு ஓசியில அட்வைஸ் பண்றவங்களை எல்லாம் அவர்கிட்ட ஒரு தடவை அனுப்பணும்.

இதுல ஒரு வேடிக்கை, விஷயம் தெரிஞ்சதும் பிரஸ்ல எல்லாரும் எனக்காகப் பூனை மாதிரி நடக்க ஆரம்பிச்சாங்க. ஐயோ, அது இன்னும் மோசம். ஆள் வர்ற சத்தமே இல்லாம திடீர்னு பின்னாடி நின்னு "அக்கா பில்லு"ன்னா உயிரே போயிடும். செருப்பைத் தேச்சுக்கிட்டு வாங்க, தூரத்துல இருந்தே கூப்பிடுங்கன்னு சொல்லிட்டேன். மேஜையையும் திருப்பிப் போட்டாச்சு, இப்ப முதுகுக்குப் பின்னாடி சுவர், எதிர்ல வாசல். ரீம் இறக்குறதுக்கு முன்னாடி பையன் "அக்கா, போடுறேன்"னு கத்துவான். அப்பவும் லேசா தூக்கிப் போடும், ஆனா பேனா கையிலயே இருக்கும். முதலாளி அண்ணாச்சிக்கு இதுல நயா பைசா செலவில்ல.

ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் எல்லாம் டபுளா இருக்கும். ஆடி 18க்கு காலண்டர் மாதிரிகளோட ஆல்பம் வெளியான பிறகு ஆர்டர் குவியும், ஓவர்டைம் வரும், அதனால நைட் ஷிப்ட் மட்டும் வேணாம்னு முன்கூட்டியே சொல்லி வாங்கிட்டேன். டாக்டரைப் போய்ப் பாக்கக் கூச்சப்படுறவங்களுக்கு 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், ஃப்ரீதான், தமிழ்லயே பேசலாம்.

தீபாவளி வாரம் லீவு எடுத்துக்கோன்னு அண்ணாச்சியே சொன்னார். நான்தான் வேணாம்னுட்டேன், வீட்ல இருந்தா தெருவுல எவன் எப்பத் திரி கிள்ளுவான்னு காதைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருக்கணும், பிரஸ்ல மிஷின் ஓடுற சத்தத்துல பாதி வெடி கேக்கவே கேக்காது.