தானாக ஆன் ஆகும் பழைய எக்ஸ்பாக்ஸ்: கோளாறு போர்டின் அடியில்

பவர் ஒயரைச் செருகியதுமே யாரும் தொடாமல் ஆன் ஆகிறது. டிஸ்க் ட்ரே தன்பாட்டுக்கு வெளியே வருகிறது. அணைத்தால் அணைய மறுக்கிறது. 2001இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸ் இப்படிச் செய்தால், பவர் சப்ளையை மாற்றக் கிளம்ப வேண்டாம். கோளாறு பெரும்பாலும் மதர்போர்டில் முன்பக்க பட்டனுக்குப் போகும் மெல்லிய செம்புக் கோட்டில், அதாவது ட்ராக்கில்தான் இருக்கும்.

காரணம், கடிகாரத்துக்கு வைத்திருக்கும் 1 ஃபாரட், 2.5 வோல்ட் கெப்பாசிட்டர். ஒயரைப் பிடுங்கினாலும் சில மணி நேரம் நேரத்தைக் காப்பாற்றுவது மட்டுமே அதன் வேலை. 1.0 முதல் 1.5 வரையான பதிப்பு போர்டுகளில் இது வயதானால் கசியும். கசிந்த திரவம் கால் வழியாக அடிப்பக்கம் இறங்கி, பச்சைப் பூச்சுக்குள் புகுந்து செம்பை அரிக்கும். 1.6 போர்டில் இருப்பது வேறு வகை, அதைத் தொடாதீர்கள். எந்த போர்டு என்று வீடியோ சிப்பே பாதி சொல்லிவிடும்: கோனெக்ஸன்ட் என்றால் 1.3 வரை, ஃபோகஸ் என்றால் 1.4 அல்லது 1.5, எக்ஸ்கேலிபர் என்றால் 1.6.

பெட்டியைத் திறக்க டி20 டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஆறு திருகுகள்: நான்கு ரப்பர் காலுக்குள், இரண்டு ஸ்டிக்கருக்கு அடியில். உள்ளே மற்றதெல்லாம் டி10. பவர் சப்ளைக்கு மூடி கிடையாது, பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒயரைப் பிடுங்கிப் பத்து நிமிடமாவது விட்டுவிட்டுக் கை வையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் அது 110 வோல்ட் சப்ளை. நம் 230இல் நேராகச் செருகினால் அந்தக் கதை அங்கேயே முடியும்.

சோதனை எளிது. முன்பக்க பட்டன் பலகையின் கேபிளை போர்டிலிருந்து கழற்றிவிட்டு ஒயரைச் செருகுங்கள். அப்போதும் தானாக ஆன் ஆனால் பட்டன் மேல் தவறில்லை, போர்டுதான். பவர் பட்டன் கோடு சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டை ஒட்டி நிற்கும். அமுக்கினால் தரைக்கு, அதாவது 0 வோல்ட்டுக்கு இறங்கும். ட்ராக் அரித்துப்போனால் அந்த 3.3 தள்ளாடும். ஆன், ஆஃபைக் கவனிக்கும் பிஐசி கன்ட்ரோலர் என்ற சிப் அதை அமுக்கலாகவே எடுத்துக்கொள்ளும்.

கெப்பாசிட்டரைக் கழற்றும்போதுதான் பலர் சறுக்குவது. முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்தெடுப்பது வேகமான வழி. ஆனால் கால் ஒட்டியிருக்கும் செம்புத் தட்டான பேடும் சேர்ந்து உரிந்து வரலாம். பழைய ஈயத்தோடு புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, ஈயம் நன்றாக ஓட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, 350 முதல் 380 டிகிரியில் ஒவ்வொரு காலாக இளக்குங்கள். ஒரு கால் தரைப் பரப்போடு சேர்ந்தது, சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே பொறுமை வேண்டும், பலம் வேண்டாம். சூடு பட்டதும் மீன் வாடை வந்தால் கசிவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக ஒன்று போட்டே ஆகவேண்டும் என்றில்லை. இல்லாவிட்டால் ஒயரைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி அழியும், அவ்வளவுதான்.

அடுத்து 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), பழைய பல் பிரஷ். இரண்டு பக்கமும் தேயுங்கள். மேல்பக்கத்தைத் துடைத்துவிட்டு அடியைப் பார்க்காமல் மூடிய போர்டுதான் சில மாதத்தில் திரும்பி வரும். பச்சைப் பூச்சு கறுத்தோ உப்பியோ இருக்கும் ட்ராக்குகளை மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதி அரித்த ட்ராக்கும் பீப் அடிக்கும். 1 ஓமுக்கு மேல் காட்டினாலே சந்தேகப்படுங்கள்.

அரித்த இடத்தைப் பிளேடு முனையால் சுரண்டுங்கள். பளபளப்பான செம்பு தெரியாமல் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடும். நல்ல செம்பு மிச்சமிருந்தால் மேலே மெல்ல ஈயம் பூசினாலே போதும். அறுந்திருந்தால் 30 கேஜ் ஒயரை இரண்டு முனைக்கும் இழுத்து ஒட்டுங்கள். அரித்த பகுதியின் ஓரத்தில் ஒட்டாமல், கனெக்டர் கால், அடுத்த வயா (போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு துளை) என்று சுத்தமான இடத்தில் ஒட்டினால்தான் நிற்கும். மேலே யூவி ஒளியில் இறுகும் காப்புப் பூச்சான யூவி மாஸ்க் பூசலாம். இல்லையென்றால் நகப்பூச்சு.

போர்டு வெளியே இருக்கும்போதே சிபியு பக்கத்து கெப்பாசிட்டர்களையும் பாருங்கள். 1.0இல் 1500 மைக்ரோஃபாரட் ஐந்து, பிந்தைய போர்டுகளில் 3300 மூன்று, எல்லாம் 6.3 வோல்ட். தலை உப்பியிருந்தால் மாற்றுங்கள். இரண்டு முறை ஆன் ஆகி அணைந்து, மூன்றாவதில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னும் பெட்டிகளில் இவையும் ஒரு காரணம்.

மூடும் முன் ஒயரைச் செருகி, கண்ணெதிரே இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். தானாக ஆன் ஆகக் கூடாது. பிறகு இஜெக்ட் பட்டனைப் பத்து முறை அமுக்குங்கள். ட்ரே பத்து முறைதான் அசைய வேண்டும். திரையில் 07 என்று பிழை வந்தால் பயப்படாதீர்கள், ஹார்ட் டிஸ்கின் ஐடிஇ கேபிளைச் சரியாகச் செருகியிருக்க மாட்டீர்கள்.